கிசங்கானி: ஆறு நாள் சண்டையும் கால் நூற்றாண்டுக் கணக்கும்

காங்கோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மூன்று விஷயங்கள்தான். காடு, எபோலா, சண்டை. கொஞ்சம் செய்தித்தாள் படிப்பவர்கள் என்றால் செல்போன் பேட்டரிக்கான கோபால்ட் என்று நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த நாட்டின் நடுவில், பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் ஒரு பெரிய நகரம் இருக்கிறது, அங்கே பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆற்றங்கரைச் சந்தை இருக்கிறது என்றால் "அப்படியா?" என்றுதான் கேட்பார்கள். அந்த நகரத்தின் பெயர் கிசங்கானி. காங்கோ ஜனநாயகக் குடியரசில் சோப்போ மாகாணத்தின் தலைநகரம்.

வேறு இரண்டு நாடுகளின் ராணுவங்கள் வந்து, இந்த ஊருக்கு நடுவில் நின்று, ஒன்றையொன்று ஆறு நாள் சுட்டுக்கொண்டன. செத்தது ஊர்க்காரர்கள். அதற்கான நட்ட ஈட்டுக் கணக்கு கால் நூற்றாண்டு ஆகியும் முடியவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

படகு நிற்கும் இடம்

முதலில் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கோ ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஏறி, நிலநடுக்கோட்டைத் தாண்டி, பிறகு மேற்கே வளைந்து, மறுபடி தெற்கே இறங்கிக் கடலுக்குப் போகும். அந்த முதல் வளைவில் இருக்கிறது கிசங்கானி. தலைநகர் கின்ஷாசாவிலிருந்து ஆற்று வழியாகச் சுமார் 1,700 கிலோமீட்டர். இவ்வளவு தூரமும் பெரிய படகு தங்குதடையின்றி வந்துவிடும். கிசங்கானியோடு சரி. அதற்கு மேலே போயோமா அருவிகள். ஏழு அருவிகள், சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கின்றன. எந்தப் படகும் ஏறாது.

படகு ஏறாவிட்டால் என்ன ஆகும்? சரக்கை இறக்க வேண்டும். இறக்கினால் கிடங்கு வேண்டும், கூலி ஆள் வேண்டும், வாங்குபவர் வேண்டும், விற்பவர் வேண்டும். ஒரு சந்தை தானாக உருவாகிவிடும். 1906-ல் பெல்ஜியக்காரர்கள் அருவிகளைச் சுற்றிக்கொண்டு போக 125 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அந்தப் பாதை முடியும் ஊருக்கு இப்போதைய பெயர் உபுண்டு. (கணினி ஆட்கள் குழம்ப வேண்டாம், அது வேறு, இது வேறு!) படகிலிருந்து ரயிலுக்கு, ரயிலிலிருந்து மறுபடி படகுக்கு. நடுவில் கை மாறும் ஒவ்வொரு மூட்டையிலும் யாரோ ஒருவருக்கு லாபம்.

கிசங்கானியின் எல்லா நன்மைக்கும் காரணம் இந்த இடம்தான். எல்லாக் கெடுதலுக்கும் காரணமும் இதே இடம்தான். சரக்கு கை மாறும் இடத்தைப் பிடித்தவன் கையில் காட்டின் கல்லாப்பெட்டி இருக்கும். அதனால் நூற்று நாற்பது வருடமாக யாராவது ஒருவர் அதைப் பிடிக்க வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் எல்லோருக்கும் முன்னால் அங்கே இருந்தவர்கள் வகேனியா மீனவர்கள். அருவி பாயும் பாறை இடுக்குகளில் பெரிய மரங்களை நட்டு, கொடிகளால் கட்டி, அதிலிருந்து ராட்சதக் கூம்பு போன்ற கூடைகளை வெள்ளத்துக்குள் தொங்கவிடுவார்கள். நீரின் வேகமே மீனைக் கூடைக்குள் தள்ளிவிடும். ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பே இருந்த முறை இது. இன்றைக்கும் அதே அருவியில் அதே மாதிரிக் கூடைகளைப் பார்க்கலாம். இந்த ஊரில் ஆட்சி மாறியபோதெல்லாம் மாறாமல் இருந்த தொழில் என்றால் இதுதான்.

வந்தவர்கள் வரிசை

ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி 1877-ல் இந்த அருவிகளைத் தாண்டிப் போனார். 1883-ல் திரும்பி வந்து, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்காக இங்கே ஒரு நிலையம் அமைத்தார். அப்போதே கிழக்கிலிருந்து சான்சிபார் வணிகர்கள் யானைத் தந்தத்துக்கும் அடிமைகளுக்குமாக இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரிய ஆள் திப்பு திப். அவரை எதிர்த்து ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் லியோபோல்ட் என்ன செய்தார் தெரியுமா? 1887-ல் அவரையே சம்பளம் கொடுத்து இந்தப் பகுதிக்கு ஆளுநராக்கிவிட்டார். அடிமை முறையை ஒழிக்கப் போகிறோம் என்று ஐரோப்பாவில் பேசிக்கொண்டே இங்கே அடிமை வணிகரை வேலைக்கு வைத்தார்கள்!

மேற்கிலிருந்து ஆற்று வழியாக வந்த லிங்காலா மொழியும், கிழக்கிலிருந்து வணிகர்களோடு வந்த சுவாஹிலி மொழியும் இந்த ஊரில் சந்தித்தன. இன்றும் கிசங்கானிக்காரர்கள் இரண்டையும் பேசுவார்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சு.

1890-ல் ஒரு நீராவிப் படகில் இங்கே வந்தவர் ஜோசப் கான்ராட். அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதியதுதான் 'இருளின் இதயம்' என்ற புகழ்பெற்ற நாவல். அதில் வரும் கர்ட்சின் இருப்பிடத்துக்கு மூலம் இந்த ஊர் என்பார்கள். 1979-ல் வெளிவந்த வி.எஸ்.நைபாலின் 'ஆற்றின் ஒரு வளைவு' நாவலில் வரும் பெயரில்லாத ஊரும் கிசங்கானிதான். ஆங்கில இலக்கியத்தில் இவ்வளவு பெயர் வாங்கிய இன்னொரு காங்கோ ஊர் கிடையாது. இரண்டிலும் ஊர் வெளியாளின் கண்ணுக்குத் தெரிந்த மாதிரிதான் இருக்கும். ஒருவருக்கு இருட்டு, இன்னொருவருக்கு அழிவு. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது எப்படி இருந்தது என்பது இரண்டிலும் கிடைக்காது.

லுமும்பாவின் ஊர்

பெல்ஜியர் காலத்தில் ஊரின் பெயர் ஸ்டான்லிவில். 1940-களில் அங்கே தபால் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்த ஓர் இளைஞர் பாட்ரிஸ் லுமும்பா. பின்னாளில் காங்கோவின் முதல் பிரதமர். 1959 அக்டோபரில் இதே ஊரில் அவர் நடத்திய கட்சி மாநாட்டைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது, பலர் இறந்தார்கள், அவரைக் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் விடுதலை நடக்க வேண்டும் என்றால் அவர் பேச்சுவார்த்தைக்கு வந்தாக வேண்டும் என்று ஆனதும், சிறையிலிருந்து நேரே பிரஸ்ஸல்ஸ் மாநாட்டுக்கு அனுப்பினார்கள்.

1960 ஜூன் 30-ல் விடுதலை. சில மாதங்களிலேயே பதவி பறிப்பு, வீட்டுக் காவல். நவம்பர் இறுதியில் அங்கிருந்து தப்பியவர் எங்கே போகப் பார்த்தார்? ஸ்டான்லிவில்லுக்குத்தான். தன் ஆதரவாளர்கள் இருக்கும் ஊருக்கு வந்து சேருவதற்குள் வழியிலேயே பிடித்துவிட்டார்கள். 1961 ஜனவரி 17-ல் கட்டாங்காவில் கொல்லப்பட்டார். அவருடைய துணைப் பிரதமர் அந்துவான் கிசெங்கா ஸ்டான்லிவில்லில் இருந்தபடி, இதுதான் சட்டப்படியான அரசு என்று சில காலம் நடத்திப் பார்த்தார்.

லுமும்பாவின் உடலை அமிலத்தில் கரைத்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு பல். அதை ஒரு பெல்ஜியப் போலீஸ் அதிகாரி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். 2022 ஜூனில் பெல்ஜியம் அதைத் திருப்பித் தந்தது. நாடு முழுக்க ஊர்வலமாகக் கொண்டு போனபோது கிசங்கானிக்கும் அந்தப் பெட்டி வந்தது. 1960-ல் உயிரோடு வந்து சேர முடியாத ஊருக்கு, 61 வருடம் கழித்து ஒரு பல்லாக வந்து சேர்ந்தார்.

1964 ஆகஸ்ட்டில் சிம்பாக்கள் எனப்பட்ட கிளர்ச்சியாளர்கள் ஊரைப் பிடித்தார்கள். சுவாஹிலியில் சிம்பா என்றால் சிங்கம். லுமும்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள், படித்தவர்களையும் அரசு ஊழியர்களையும் தெருவில் வைத்துக் கொன்றார்கள். வெளிநாட்டவரைப் பணயமாகப் பிடித்து வைத்தார்கள். நவம்பர் 24 அன்று அமெரிக்க விமானங்களில் வந்த பெல்ஜியப் பாராசூட் வீரர்கள் குதித்து, பெரும்பாலான வெளிநாட்டவரை மீட்டார்கள். அன்று இறந்த சில டஜன் வெள்ளையர்களைப் பற்றி உலகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அதற்கு முன்னும் பின்னும் அங்கே செத்த ஆயிரக்கணக்கான காங்கோ மக்களுக்கு அந்தப் பக்கங்களில் இடம் கிடைக்கவில்லை.

1966-ல் ஊரின் பெயர் கிசங்கானி என்று மாறியது. 1967-ல் கூலிப்படையினரின் கலகத்தில் மறுபடி அடி. 1973 நவம்பரில் அதிபர் மொபுட்டு வெளிநாட்டவரின் கடைகளையும் தோட்டங்களையும் பறித்துத் தன் ஆட்களுக்குக் கொடுத்தார். கிரேக்கர்கள், போர்த்துக்கீசியர்கள், இந்தியர்கள் நடத்திய கடைகள் ஒரே அறிவிப்பில் கை மாறின. புது முதலாளிகளில் பலர் இருந்த சரக்கை விற்றுக் காசாக்கினார்கள், புதுச் சரக்கு வாங்கவில்லை. வணிகவியல் முதல் வருடத்திலேயே நமக்குச் சொல்லித் தருவார்களே, முதலை எடுத்துச் சாப்பிடக் கூடாது என்று. ஒரு நாடு மொத்தமும் அதைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுதான் உதாரணம். 1980-களில் தனியார் வைரம் தோண்டவும் விற்கவும் அனுமதி கிடைத்ததும் ஊரில் வைரக் கடைகள் முளைத்தன. படகுத்துறை தூங்கியது, வைரக் கடை விழித்தது.

ஆறு நாள்

இனி முக்கியமான கட்டம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1997-ல் லோரான் கபிலாவின் படை, ருவாண்டா, உகாண்டா உதவியோடு மொபுட்டுவை விரட்டியது. மார்ச் 15-ல் கிசங்கானி அவர்கள் கையில் விழுந்தது. மறு வருடமே கபிலாவுக்கும் அவரைக் கொண்டுவந்தவர்களுக்கும் பகை. 1998 ஆகஸ்ட்டில் ருவாண்டாவும் உகாண்டாவும் ஒரு கிளர்ச்சிப் படையை முன்னால் நிறுத்தி மறுபடி உள்ளே வந்தன. அதே மாதம் கிசங்கானியைப் பிடித்தார்கள். கின்ஷாசாவிலிருந்து வரும் ஆற்று வழி அடைபட்டது. உப்பு, சோப்பு, மருந்து, எரிபொருள் எல்லாமே விமானத்தில்தான் வர வேண்டும் என்ற நிலை. விமானம் திரும்பும்போது வைரம் ஏற்றிக்கொண்டு போகும்.

வைரம் எவ்வளவு போனது என்று ஐ.நா. நிபுணர் குழு பின்னால் ஆராய்ந்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. வைரமே தோண்டாத உகாண்டாவும் ருவாண்டாவும் அந்த வருடங்களில் வைர ஏற்றுமதி நாடுகள் ஆகியிருந்தன! கணக்குப் படிப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டுமா? உற்பத்தி இல்லை, இறக்குமதிக் கணக்கும் இல்லை, ஏற்றுமதி மட்டும் இருக்கிறது.

ஒரே கல்லாவில் இரண்டு பேர் கை வைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. கிளர்ச்சிப் படை இரண்டாக உடைந்தது. ஒரு பாதி ருவாண்டா பக்கம், இன்னொரு பாதி உகாண்டா பக்கம். 1999 ஆகஸ்ட்டில் இரண்டு ராணுவங்களும் ஊருக்குள் மோதின. 2000 மே மாதம் மறுபடி மோதின. மூன்றாவது முறைதான் பெரியது.

2000 ஜூன் 5, திங்கட்கிழமை தொடங்கி ஜூன் 10, சனிக்கிழமை வரை. உகாண்டா படை ஊருக்கு வடக்கே, சோப்போ ஆற்றுப் பாலத்துக்கு அப்பால். ருவாண்டா படை ஊருக்குள். நடுவில் குடியிருப்புகள். ஐ.நா.வின் மதிப்பீட்டில் 6,600-க்கும் மேற்பட்ட குண்டுகள் ஊர் மீது விழுந்தன. இறந்தவர்கள் 760 பேருக்கு மேல், காயம்பட்டவர்கள் சுமார் 1,700 பேர். சேதமான வீடுகள் 4,000-க்கும் அதிகம். சோப்போ அணையிலிருந்து வரும் மின்சாரம் நின்றது, கூடவே குடிநீரும் நின்றது. வெளியே போக முடியாததால் இறந்தவர்களை வீட்டு முற்றத்திலேயே புதைத்தவர்கள் உண்டு.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. உலகத்தில் எத்தனையோ போர்கள் நடந்திருக்கின்றன. ஏதாவது ஒரு தரப்பாவது "இது எங்கள் மண்" என்று சொல்லும். இங்கே அதுவும் இல்லை. இரண்டு நாட்டு எல்லைகளும் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. யாருக்கும் சொந்தமில்லாத சந்தைக் கடைக்கு இரண்டு ரவுடிகள் சண்டை போட்ட மாதிரி. கடைக்காரன்தான் செத்தான்.

சண்டை முடிந்த ஆறாம் நாள், ஜூன் 16-ல், ஐ.நா. பாதுகாப்பு அவை 1304-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. படைகள் வெளியேற வேண்டும், கிசங்கானி மக்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கு இரண்டு அரசுகளும் ஈடு செய்ய வேண்டும் என்றது. படைகள் ஊரை விட்டு விலகின. ஆனால் ருவாண்டா ஆதரவுக் கிளர்ச்சிப் படை ஊரிலேயே இருந்தது. 2002 மே 14-ல் அதற்குள் ஒரு கலகம் கிளம்ப, அடக்குகிறேன் என்று வந்தவர்கள் குறைந்தது 80 பேரைக் கொன்றார்கள். சோப்போ பாலத்திலிருந்து உடல்களை ஆற்றில் வீசினார்கள்.

எழுந்து நின்ற விதம்

சமாதான ஒப்பந்தம் ஆகி, 2003-ல் இடைக்கால அரசு வந்ததும் ஆறு மறுபடி திறந்தது. கின்ஷாசாவிலிருந்து தட்டைப் படகுகள் வரத் தொடங்கின. ஒரு இழுவைப் படகு பல தட்டைப் படகுகளைச் சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வரும். அதன் மேல் சிமெண்ட், பீர், துணி, ஆடு, கோழி, சமையல் அடுப்பு, குடும்பம் குடும்பமாக ஆட்கள். நகரும் ஊர் என்றே சொல்லலாம். வந்து சேரச் சில வாரங்கள் ஆகும், மணல் திட்டில் சிக்கினால் இன்னும் கூடும். திரும்பும்போது அரிசி, வாழை, பனை எண்ணெய், மரம், புகையில் வாட்டிய மீன்.

ஆனால் அரசு வந்து எழுப்பும் வரை ஊர் காத்திருக்கவில்லை. போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது இளைஞர்கள் சைக்கிள் கேரியரில் மெத்தை வைத்துத் தைத்து வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார்கள். அதற்குப் பெயர் 'தொலேக்கா'. லிங்காலாவில் "போகலாம் வாங்க" என்கிற மாதிரி அர்த்தம். வேலை போனவர்கள், சம்பளம் வராதவர்கள், படிப்பை விட்டவர்கள் எல்லோரும் தொலேக்கா ஓட்டினார்கள். முதலீடு ஒரு சைக்கிள். வருமானம் அன்றன்றைக்கு. சமாதானம் வந்து எரிபொருள் கிடைத்ததும் சைக்கிள் இடத்தை மோட்டார் பைக் பிடித்தது. எந்தத் திட்டக் குழுவும் உருவாக்காத போக்குவரத்துத் துறை அது!

1963-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இவ்வளவுக்கும் நடுவில் தாக்குப்பிடித்தது. பெல்ஜியர்கள் 1933-ல் அமைத்த யங்கம்பி வேளாண் ஆய்வு நிலையம் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது. அதையும் சேர்த்துக்கொண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, காங்கோக் காட்டைப் படிக்கும் காங்கோ ஆய்வாளர்களின் ஒரு தலைமுறை இங்கே உருவாகிறது. நடனக் கலைஞர் ஃபௌஸ்டின் லின்யெகுலா உலக மேடைகளில் பெயர் வாங்கியவர். அவர் 2006-ல் தன் 'கபாக்கோ' கலைக்கூடத்தைத் தலைநகரிலிருந்து தான் வளர்ந்த கிசங்கானிக்கே மாற்றிக்கொண்டார். எல்லோரும் ஊரை விட்டுப் போகிற காலத்தில் ஒருவர் ஊருக்குத் திரும்பி வந்தது சின்ன விஷயம் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. உபுண்டு ரயில் பெயருக்குத்தான் இருக்கிறது. கிழக்கே பேனி நகருக்குப் போகும் நெடுஞ்சாலையை உலக வங்கி உதவியோடு திறந்தார்கள். மழையும் ஆயுதக் குழுக்களும் அதை அடிக்கடி மூடிவிடுகின்றன. சரக்குக் கட்டணம் அதிகமாக இருக்கும் வரை, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவதைவிட மண்ணில் விடுவதே மேல் என்று விவசாயி நினைப்பான். போர் நின்றாலும் வறுமை நிற்காததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இனி நட்ட ஈட்டுக் கணக்கு

காங்கோ 1999-லேயே சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. ருவாண்டா மீதான வழக்கில் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று 2006-ல் நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. அதாவது, கிசங்கானியைச் சுட்ட இரண்டு பேரில் ஒருவரைக் கேள்வி கேட்கவே முடியாது. உகாண்டா மீதான வழக்கில் 2005 டிசம்பர் 19-ல் தீர்ப்பு வந்தது. உகாண்டா குற்றவாளி, ஈடு கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். பேச்சு பல வருடம் இழுத்தது, ஒத்துவரவில்லை. மறுபடி நீதிமன்றம்.

காங்கோ கேட்டது 1,100 கோடி டாலருக்கும் மேல். 2022 பிப்ரவரி 9-ல் நீதிமன்றம் கொடுத்தது 32.5 கோடி டாலர். அதில் உயிர்களுக்கும் காயங்களுக்கும் 22.5 கோடி, சொத்துக்கு 4 கோடி, இயற்கை வளத்துக்கு 6 கோடி. இது கிசங்கானிக்கு மட்டுமல்ல, இத்தூரி உட்பட உகாண்டா படை நின்ற எல்லா இடத்துக்கும் சேர்த்து. வருடத்துக்கு 6.5 கோடி வீதம் ஐந்து தவணை.

ஏன் இவ்வளவு குறைந்தது? காரணத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது. ஆதாரம் போதவில்லை! காங்கோ ஆயிரக்கணக்கான விண்ணப்பப் படிவங்களைக் கொடுத்தது. அவற்றில் பலவற்றுக்குத் துணை ஆவணம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. 1,80,000 உயிர்கள் என்று காங்கோ கேட்டதற்கு, 10,000 முதல் 15,000 வரை என்பதைத்தான் நீதிமன்றம் ஏற்றது. நமக்கு வகுப்பில் சொல்வார்கள், வவுச்சர் இல்லாத செலவை ஏற்கக் கூடாது என்று. சரியான விதிதான். ஆனால் வீட்டோடு சேர்ந்து பத்திரமும் எரிந்து போனவன் எந்த வவுச்சரைக் காட்டுவான்? முற்றத்தில் புதைத்த பிள்ளைக்கு யார் இறப்புச் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள்? நீதிபதிகளும் இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டதால்தான் தனித்தனியாக மதிப்பிடாமல் மொத்தமாக ஒரு தொகை என்று தீர்ப்பளித்தார்கள்.

உகாண்டா 2022 செப்டம்பரில் முதல் தவணையைக் கட்டியது, அடுத்த தவணைகளும் வந்தன. பணத்தைப் பிரித்துக் கொடுக்கக் காங்கோ அரசு ஒரு தனி நிதியத்தை அமைத்தது. அதன் தலைமையகமும் கிசங்கானியில்தான். சிலருக்குப் பணம் கிடைத்தது. பெரும்பாலானோர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவே அலைந்தார்கள்.

அதற்கு நடுவில் அடுத்த இடி. கிசங்கானியில் புதுச் சிறைச்சாலை கட்டுவதற்கு என்று ஏறத்தாழ 2 கோடி டாலர் ஒரு கட்டுமான நிறுவனத்துக்குப் போனது. அது பாதிக்கப்பட்டவர்களின் நிதியத்திலிருந்து எடுத்த பணம். சட்ட அமைச்சர் கான்ஸ்டன்ட் முட்டாம்பா 2025 ஜூனில் பதவி விலகினார். செப்டம்பரில் நீதிமன்றம் அவரைக் கையாடல் குற்றவாளி என்று சொல்லி மூன்று வருடக் கட்டாய உழைப்புத் தண்டனை விதித்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார், அரசியல் சதி என்றார். அது எப்படியோ போகட்டும். குண்டுகளுக்கு ஈடாக வந்த பணம், குண்டுபட்டவர்களைக் கேட்காமலே வேறு தலைப்புக்கு மாறியது என்பதுதான் நம் கவலை.

பொறுப்பு நிதி என்று ஒன்று படிக்கிறோம் இல்லையா? ஒருவருக்காக இன்னொருவர் வைத்திருக்கும் பணம். அதை வைத்திருப்பவர் நல்ல காரியத்துக்கே செலவழித்தாலும் தவறுதான், ஏனென்றால் அது அவருடைய பணம் இல்லை. சிறை கட்டுவது அரசின் கடமை. அதை அரசின் பணத்தில் கட்ட வேண்டும்.

ஓயாத அலை

கிசங்கானியின் தொல்லைகள் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2023 பிப்ரவரியில் ஆற்றின் தென்கரையில் உள்ள லுபுங்கா பகுதியில் நிலத் தகராறு ஒன்று வெடித்தது. ம்போலே, லெங்கோலா என்ற இரண்டு சமூகங்கள் மோதிக்கொண்டன. பல நூறு பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் வீடிழந்து ஊருக்குள் அடைக்கலம் தேடினார்கள். தலைமுறை தலைமுறையாக அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள்! 2025 ஜனவரியில் கோமா நகரையும், பிப்ரவரியில் புக்காவுவையும் ருவாண்டா ஆதரவு எம்-23 படை பிடித்தபோது, 'அடுத்தது நாமா?' என்ற பயம் இந்த ஊரிலும் எழுந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. இந்தப் படத்தை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள்.

மீண்ட நகரம் என்று எதைச் சொல்வது? கட்டடத்துக்கு வெள்ளை அடித்தால் மீண்டதாகச் சொல்வார்கள். விமானம் வந்தால் மீண்டதாகச் சொல்வார்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. ஸ்டான்லி, லியோபோல்ட், மொபுட்டு, இரண்டு அண்டை நாட்டு ராணுவங்கள் என்று எல்லோரும் இந்த ஊரில் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்குகளில் ஊர்க்காரன் ஒரு செலவாகத்தான் எழுதப்பட்டான். சைக்கிளில் மெத்தை தைத்தவனும், அருவியில் கூடை கட்டுபவனும், பாடம் நடத்திய ஆசிரியரும் அந்த ஊரைத் தங்கள் கையால் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அவர்கள் பெயரில் வந்த பணம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். 2000 ஜூனில் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. இன்னும் எத்தனை தவணை காத்திருப்பது?

தணிக்கை, கணக்குப் பதிவு எல்லாம் சலிப்பூட்டும் பாடம் என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு: ஒரு பட்டியலில் ஒரு பெயர் சரியாக இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் நியாயம் தொங்கும் ஊர்களும் உலகத்தில் இருக்கின்றன. அடுத்த தேர்வுக்குப் படிக்கும்போது கிசங்கானியையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.